“பொண்ணை ஜெனிடிக்ஸ் சேர்க்கலாமா டாக்டர்?” (நீண்ட த்ரெட்)

1/ போன மாசம், ஓபி முடியுற நேரம். சுகர் மாத்திரை வாங்க மாசாமாசம் வர்ற ஒரு அப்பா. சிப்காட்ல கான்ட்ராக்ட் வேலை. மாத்திரையைப் பையில போட்டுட்டும் கிளம்பாம நின்னார். "டாக்டர், பொண்ணு பிஎஸ்சி முடிச்சிடுச்சு. தரமணியில மெட்ராஸ் யுனிவர்சிட்டியில ஜெனிடிக்ஸ் மேல்படிப்புக்கு அப்ளை பண்ணணும்னு நிக்குது. சேர்க்கலாமா? வேலை கிடைக்குமா?"

2/ சேர்க்கலாமா? தாராளமா. வேலை கிடைக்குமா? தனியார் லேப்ல கிடைக்கும். ஆனா அந்தப் படிப்பு எங்கே ரொம்பத் தேவையோ, அந்த அரசு ஆஸ்பத்திரியில அதுக்குன்னு ஒரு நாற்காலியை நான் இதுவரை பார்த்ததில்ல. அந்த நாற்காலி இல்லாததால நான் பண்ணின ஒரு தப்பும் இருக்கு. அதையும் சேர்த்தே எழுதறேன். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க. நோயாளிகளோட அடையாளங்களை மாத்தியிருக்கேன்.

3/ முதல்ல தப்பு. சில வருஷம் முன்னாடி, வேற ஊர். நான் வேலைக்குப் புதுசு. ஒரு தம்பதி வந்தாங்க. அத்தை மகன், மாமன் மகள். குழந்தைக்குக் காது கேட்கல. "ஏன் டாக்டர் இப்படி ஆச்சு?"ன்னு கேட்டாங்க. வெளியே நீளமான வரிசை. நான் தலையை நிமிர்த்தாமலே "சொந்தத்துல கட்டினா இப்படித்தான்"னு சொல்லிட்டு அடுத்த சீட்டைக் கூப்பிட்டேன்.

4/ ஆறேழு மாசம் கழிச்சு அந்தப் பொண்ணு மட்டும் தன் அப்பாவோட வந்தாங்க. "டாக்டரே சொல்லிட்டாரு, இவளைக் கட்டினதுதான் காரணம்"னு புகுந்த வீட்டுல சொல்லி, குழந்தையோட பிறந்த வீட்டுக்கு அனுப்பிட்டாங்களாம். பையனுக்கு அசல்ல பொண்ணு பாக்கறாங்களாம். நான் சொன்னது அரை வரி. அது அந்த வீட்டுல தீர்ப்பாயிடுச்சு.

5/ அறிவியலா பார்த்தாலும் நான் சொன்னது அரைகுறை. பிறவியில காது கேட்காம போக, கர்ப்பத்துல அம்மாவுக்கு வந்த ருபெல்லா காரணமா இருக்கலாம். பிறந்தவுடனே வந்த கடுமையான மஞ்சள் காமாலை காரணமா இருக்கலாம். மரபணுவும் காரணமா இருக்கலாம். எதுன்னு நான் பார்க்கவே இல்ல. மரபணுவாவே இருந்தாலும், அந்த வகையில பெரும்பாலும் அப்பாகிட்டருந்து பாதி, அம்மாகிட்டருந்து பாதி. பழி மட்டும் முழுசா அவங்களுக்குப் போச்சு.

6/ கொஞ்சம் விளக்கிடறேன். நம்ம உடம்புல கிட்டத்தட்ட எல்லா மரபணுவும் ரெண்டு ரெண்டு பிரதியா இருக்கு. அம்மா கொடுத்தது ஒன்னு, அப்பா கொடுத்தது ஒன்னு. ஒரே பூட்டுக்கு ரெண்டு சாவி மாதிரி. ஒன்னு உடைஞ்சாலும் இன்னொன்னு திறந்துடும். அதனால உடைஞ்ச சாவி ஒன்னை வச்சிருக்கோம்கிறதே நமக்குத் தெரியாது. இப்படிப்பட்டவங்களைத்தான் கேரியர்னு சொல்றோம். நீங்களும் நானும் ஏதோ சில நோய்களுக்குக் கேரியர்தான்.

7/ கணவன், மனைவி ரெண்டு பேரும் ஒரே பூட்டோட உடைஞ்ச சாவியை வச்சிருந்தாதான் சிக்கல். ரெண்டு உடைஞ்ச சாவியும் ஒரே குழந்தைக்குப் போக 4-ல் 1 வாய்ப்பு. சொந்தக்காரங்ககிட்ட ஒரே தாத்தா பாட்டிகிட்டருந்து வந்த ஒரே உடைஞ்ச சாவி இருக்க வாய்ப்பு அதிகம். தாய்மாமனும் அக்கா மகளும் மரபணுக்களில் சராசரியா 4-ல் 1 பங்கு பொதுவா வச்சிருக்காங்க. அத்தை மகனும் மாமன் மகளும் 8-ல் 1 பங்கு.

8/ அதுக்காகச் சொந்தத்துல கட்டினா குழந்தை ஊனமாத்தான் பிறக்கும்னு அர்த்தம் இல்ல. எந்தத் தம்பதிக்கும் 100 பிரசவத்துல 2, 3 குழந்தைக்குப் பிறவிக் குறை வரலாம். அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்துல அதோட இன்னும் 2, 3 சேரும். மாமன், அக்கா மகள்னா இன்னும் கொஞ்சம் கூடும். அப்பவும் பெரும்பாலான குழந்தைங்க நல்லாத்தான் பிறக்கிறாங்க. "எங்க பாட்டிக்கும் சொந்தம்தான், எங்களுக்கெல்லாம் என்ன ஆச்சு?"ன்னு நீங்க கேட்கிறதுக்கு இதுதான் பதில்.

9/ ஆனா ஊர் முழுக்கக் கூட்டினா அந்த 2, 3 பெரிய எண்ணிக்கை. 2019–21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுல நாலுல ஒன்னுக்கும் மேல சொந்தத்துல நடந்த கல்யாணம். நாட்டிலேயே உச்சத்துல இருக்கிற மாநிலங்கள்ல நம்மதும் ஒன்னு. 1955 இந்து திருமணச் சட்டம் மாமன், மருமகள் உறவைத் தடை செய்யப்பட்ட பட்டியல்ல வச்சுட்டு, வழக்கம் இருந்தா விதிவிலக்குன்னும் சொல்லுது. நம்ம பக்கம் அந்த விதிவிலக்குலதான் தாம்பூலம் மாத்தறோம்.

10/ இது புதுசா கண்டுபிடிச்ச விஷயமும் இல்ல. உலகப் புகழ் பெற்ற மரபியல் அறிஞர் ஜே.பி.எஸ். ஹால்டேன் 1957-ல் இங்கிலாந்தை விட்டு கல்கத்தா வந்து, இந்தியாவிலேயே தங்கி, 1964-ல் புவனேஸ்வரில் இறந்தார். தென்னிந்திய மாமன், மருமகள் கல்யாணம் அவர் கவனத்தை ஈர்த்த விஷயம். அவரோட மாணவர் துரோணம்ராஜு கிருஷ்ணராவ் 1960-களின் தொடக்கத்திலேயே ஆந்திராவில் இதை ஆய்வு பண்ணினார். அறுபது வருஷமா ஆராய்ச்சிக்குத் தெரிஞ்சது, ஓபிக்கு வந்து சேரல.

11/ "அப்போ சொந்தத்துல கட்டாதீங்கன்னு போர்டு வச்சா போதாதா?" போதாது. மரபணு நோய் எல்லாம் சொந்தத்தால வர்றதில்ல. டவுன் சிண்ட்ரோமுக்கும் சொந்தத்துக்கும் சம்பந்தம் இல்ல. அம்மாவோட வயசு ஏற ஏற வாய்ப்பு கூடும். பையன்களுக்குத் தசை சிதையுற டுஷேன் நோய், ரத்தம் உறையாத ஹீமோஃபீலியா, இதெல்லாம் அசல்ல கட்டினாலும் வரும். போர்டைப் படிச்சுட்டு இந்தக் குழந்தைங்களோட அம்மாவை ஊர் என்ன கேட்கும்னு யோசிச்சுப் பாருங்க.

12/ எங்க மாவட்டத்துக்கு இன்னொரு விஷயம் இருக்கு. திருவள்ளூர் செங்கல் சூளைகள்ல மேற்கு ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமா வந்து வேலை செய்யறாங்க. போலாங்கிர், களஹண்டி பக்கமெல்லாம் அரிவாள் செல் ரத்தசோகை அதிகம். கை கால் வலின்னு ஒரு 20 வயசுப் பையன் வந்தா, "வேலை அசதி"ன்னு வலி ஊசி போட்டு அனுப்பறது ரொம்ப சுலபம். அவன் பேசற மொழி எனக்குப் புரியாது. அவன் ஊரைக் கேட்கணும்னு எனக்குத் தோணவே சில வருஷம் ஆச்சு.

13/ 2023 ஜூலை 1-ல் மத்திய அரசு அரிவாள் செல் ஒழிப்புத் திட்டம் ஆரம்பிச்சுது. 2047-க்குள்ள ஒழிக்கணும்னு இலக்கு. நல்ல திட்டம். ரத்தம் எடுத்துப் பார்க்கறது சுலபம். ஆனா "நீ கேரியர்"னு ஒரு இளைஞன் கையில அட்டையைக் கொடுத்தா, அவன் "எனக்கு நோயா? கல்யாணம் பண்ணலாமா?"ன்னு கேட்பான். அதுக்கு உட்கார்ந்து பதில் சொல்ல ஆள் வேணும். அட்டை பேசாது.

14/ இப்ப ரெண்டாவது தம்பதி. இந்த வருஷம் நடந்தது. அவருக்கும் சிப்காட் வேலைதான். மனைவி அவரோட அக்கா மகள். ரெண்டு குழந்தை பிறந்து, ரெண்டும் ஒரு வயசு ஆகறதுக்குள்ள போயிடுச்சு. முதல் குழந்தை பையன், அடுத்தது பொண்ணு. கழுத்து நிக்கல, கை கால் துவண்டு கிடந்துச்சு, பால் குடிக்கத் திணறுச்சு, கடைசியில மூச்சு. இப்ப மூணாவது, 8 வாரம். "இதுவாவது தங்குமா டாக்டர்?"

15/ வீட்டுல ஆளுக்கு ஒரு காரணம். குலதெய்வத்துக்குச் செய்யாதது. கிரகணத்தன்னைக்கு அவங்க வெளியே வந்தது. கம்பெனிப் புகை. புகையால மூச்சுக்கு என்ன ஆகும்ங்கிறது தனிப் பிரச்சினை, அதையும் நாம பேசித்தான் ஆகணும். ஆனா ஒரே வீட்டுல ரெண்டு குழந்தைக்கு அச்சு அசலா ஒரே மாதிரி நடந்தா, முதல்ல பார்க்க வேண்டியது மரபணு. எனக்குச் சந்தேகம் வந்தது எஸ்எம்ஏ. "16 கோடி ஊசி"ன்னு செய்தியில பார்த்திருப்பீங்க, அந்த நோய்.

16/ ரெண்டு குழந்தைக்கும் எந்த மரபணு டெஸ்டும் எடுத்திருக்கல. இதை எல்லாரும் ஞாபகம் வச்சுக்கணும்: காரணம் தெரியாம ஒரு குழந்தை சீரியஸா இருக்கும்போது, ஊதா மூடி ட்யூப்ல கொஞ்சம் ரத்தம் எடுத்து டிஎன்ஏவைச் சேமிச்சா, அடுத்த கர்ப்பத்துல அது பெரிய உதவி. அந்த நேரத்துல பெத்தவங்ககிட்ட இதைக் கேட்கறது கொடுமையா இருக்கும். ஆனா கேட்கணும். இங்கே யாரும் கேட்கல.

17/ நேரமும் கம்மி. நஞ்சுக்கொடியிலிருந்து மாதிரி எடுக்கிற டெஸ்ட் 11-லிருந்து 13 வாரத்துக்குள்ள. பனிக்குடத் தண்ணி டெஸ்ட்னா 15, 16 வாரத்துக்கு மேல. அதுக்கு முன்னாடி அம்மா அப்பா ரெண்டு பேரும் கேரியரான்னு பார்த்து, ரிசல்ட் கையில இருக்கணும். எம்பிபிஎஸ்ல எனக்கு ஜெனிடிக்ஸ் தனிப் பாடம் கிடையாது. பயோகெமிஸ்ட்ரியில கொஞ்சம், பேத்தாலஜியில கொஞ்சம், குழந்தை மருத்துவத்துல கொஞ்சம். பரீட்சைக்குப் படிச்சு மறந்தது. வழி தெரியாம நாலு பேருக்கு போன் அடிச்சேன்.

18/ கடைசியா சென்னையில ஒரு பெரிய ஆஸ்பத்திரியில இடம் கிடைச்சுது. வீட்டு மரத்தை ஒரு பக்கத்துக்கு வரைஞ்சு, கடிதம் எழுதிக் கொடுத்தனுப்பினேன். கூட ஒரு நாள் லீவு போட்டு நானும் போனேன். எப்படிப் பேசறாங்கன்னு பார்க்கணும்னு ஆசை. அங்கே அவங்களோட உட்கார்ந்தது டாக்டர் இல்ல. ஜெனிடிக்ஸ் முதுகலை முடிச்ச, 26, 27 வயசு இருக்கும், ஒரு பொண்ணு.

19/ முதல் பத்து நிமிஷம் கேள்வி மட்டும். இறந்த குழந்தைங்களோட பேரைக் கேட்டு, பேர் சொல்லியே பேசினாங்க. அப்புறம் ரெண்டு நாணயத்தை எடுத்து ஆளுக்கு ஒன்னு கொடுத்துச் சுண்டச் சொன்னாங்க. "பூவா தலையா விளையாடியிருப்பீங்கல்ல? ரெண்டு பேருக்கும் பூ விழுந்தா நோய். மத்த மூணு விதத்துலயும் நோய் இல்ல." அவர் சுண்டினார், அவங்க சுண்டினாங்க. பூ, பூ. மறுபடியும் பூ, பூ. அறையில யாரும் பேசல.

20/ "ரெண்டு தடவை விழுந்துடுச்சு, அப்போ மூணாவது விழாதுல்ல?"ன்னு அவர் கேட்டார். "நாணயத்துக்கு ஞாபகம் கிடையாதுண்ணா. ஒவ்வொரு தடவையும் புதுசுதான். விழலாம், விழாமலும் போகலாம். அதைத்தான் டெஸ்ட்ல பார்க்கப் போறோம்"னாங்க அந்தப் பொண்ணு. நான் டாக்டராகி இத்தனை வருஷத்துல 25 சதவீதம்கிறதை இவ்வளவு தெளிவா யாரும் சொல்லிக் கேட்டதில்ல.

21/ அப்புறம் அந்த மனைவி, அதுவரைக்கும் வாயே திறக்காதவங்க, கேட்டாங்க: "இது என்கிட்டருந்து வந்ததா?" "பூ உங்க நாணயம் ஒன்னு, அவர் நாணயம் ஒன்னுக்கா. ஒருத்தர் நாணயத்தால மட்டும் இது வராது. கிரகணத்தால வரல, நீங்க சாப்பிட்டதால வரல." கூட வந்திருந்த மாமியார், அவங்களுக்கு அம்மாச்சியும் கூட, அந்தப் பொண்ணோட கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. எனக்கு அந்தப் பழைய தம்பதி ஞாபகம் வந்துச்சு. நான் அரை வரியில முடிச்ச இடத்துல இவங்க 40 நிமிஷம் உட்கார்ந்திருக்காங்க.

22/ தம்பதி ரெண்டு பேரும் கேரியர்னு உறுதியாச்சு. பிஎஃப் அட்வான்ஸ் போட்டு டெஸ்டுக்குப் பணம் கட்டினார். கருவோட மாதிரி எடுத்தாச்சு. நான் இதை எழுதறப்போ ரிசல்ட் வரல. ரிசல்ட் எதுவா இருந்தாலும் முடிவு அவங்களோடது. இதை இங்கே போடச் சொன்னதும் அவங்கதான், "அடுத்தவங்களுக்காவது தெரியட்டும்"னு.

23/ வெளியே வந்து அந்தப் பொண்ணுகிட்ட நன்றி சொன்னேன். "நீங்க பர்மனென்ட்டா?"ன்னு கேட்டேன். சிரிச்சாங்க. "ப்ராஜெக்ட் சார். மார்ச்சோட முடியுது. அதுக்கப்புறம் ஒரு லேப்ல கிட் விக்கற வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க."

24/ இதுதான் என் ஆதங்கம். மெட்ராஸ் யுனிவர்சிட்டியோட மரபியல் துறை தரமணியில டாக்டர் ஏ.எல். முதலியார் பேர்ல இருக்கிற அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்துல இருக்கு. அவர் பல்கலைக்கழகத்துக்கு 27 வருஷம் துணைவேந்தர். அதுக்கு முன்னாடி அவர் ஒரு பிரசவ டாக்டர். எம்பிபிஎஸ் படிச்ச எல்லாருக்கும் முதலியார், மேனன் புத்தகம் தெரியும். கும்மிடிப்பூண்டியில லோக்கல் ஏறி, சென்ட்ரல்ல இறங்கி, பார்க் டவுன்ல பறக்கும் ரயில் பிடிச்சா ஏறக்குறைய 2 மணி நேரத்துல அங்கே போயிடலாம். அங்கேயிருந்து எங்க பிரசவ வார்டுக்கு வர்றதுக்கு மட்டும் வழி இல்ல.

25/ சட்டத்துல பேர் இருக்கு. 1994 கருவின் பாலினம் கண்டறிதல் தடைச் சட்டத்துலயே 'மரபணு ஆலோசனை மையம்'ங்கிற சொல் இருக்கு. 2021 துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தோட அட்டவணையில மூலக்கூறு மரபியலாளரும் உண்டு. 2013-ல் வந்த குழந்தைகள் நலத் திட்டத்துல மாவட்டத்துக்கு ஒரு ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கு. பிறவிக் குறை உள்ள குழந்தைங்க வர்ற இடமே அதுதான். குழந்தை மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர், சமூகப் பணியாளர்னு பணியாளர் பட்டியல் இருக்கு. மரபணு ஆலோசகர் இல்ல.

26/ என் கோரிக்கை சின்னது. மாவட்டத்துக்கு ஒரு மரபணு ஆலோசகர், நிரந்தரப் பணியிடம். 38 மாவட்டம். மாசம் 50,000 ரூபாய் சம்பளம்னு வச்சாலும் மாசத்துக்கு 19 லட்சம், வருஷத்துக்கு 2 கோடியே 28 லட்சம். எஸ்எம்ஏ ஊசி ஒன்னோட விலையை மேலே சொன்னேன். கணக்கு நீங்களே போட்டுக்குங்க. ஊசி வேண்டாம்னு சொல்லல. நோய் வந்த குழந்தைக்கு ஊசி வேணும், வீட்டுக்கு விளக்கமும் வேணும்.

27/ "டாக்டர், நர்ஸ் பணியிடமே காலியா இருக்கு, இது இப்ப அவசியமா?"ன்னு என் நண்பர்களே கேட்பாங்க. நியாயமான கேள்வி. அந்த இடங்களும் நிரம்பணும். ஆனா ஓபியில ஒரு நோயாளிக்கு எனக்குக் கிடைக்கிறது 2, 3 நிமிஷம். இன்னும் ரெண்டு டாக்டர் வந்தா அது 5 நிமிஷம் ஆகும், 40 ஆகாது. ரெண்டு குழந்தையைப் பறிகொடுத்தவங்ககிட்ட 5 நிமிஷத்துல பேசினா என்ன ஆகும்னு என் அனுபவத்தை மேலே எழுதியிருக்கேன்.

28/ "இது ஆபத்தான பாதை, யார் குழந்தை பெத்துக்கணும்னு அரசாங்கம் முடிவு பண்ண ஆரம்பிச்சா?" இந்தப் பயமும் நியாயம். 1933-ல் ஜெர்மனியில பரம்பரை நோய்ன்னு முத்திரை குத்திக் கட்டாயக் கருத்தடை பண்ணச் சட்டமே போட்டாங்க. அதனாலதான் ஆலோசகருக்கு முதல் பாடமே, முடிவை நீ எடுக்காதே, தகவலைக் கொடு, கூட இரு. சரியான பயிற்சி இல்லாத என்னை மாதிரி ஆள் "இப்படித்தான் ஆகும்"னு சொல்றதுதான் அதைவிட ஆபத்து.

29/ படிக்க நினைக்கிற தம்பி, தங்கைகளுக்கு நாலு விஷயம். ஒன்னு: தரமணி தவிர மதுரை காமராஜர், கோவை பாரதியார் பல்கலைக்கழகங்கள்லயும், போரூர் ராமச்சந்திராவுலயும் மரபியல் துறை இருக்கு. கீழடி, கொந்தகை எலும்புகள்ல டிஎன்ஏ தேடறது மதுரைத் துறைதான். சேர்றதுக்கு முன்னாடி கட்டணத்தைப் பாருங்க, சிலபஸ்ல ஆஸ்பத்திரிப் பயிற்சி இருக்கான்னு பாருங்க, படிச்சு முடிச்ச சீனியர் நாலு பேர்கிட்ட பேசுங்க.

30/ ரெண்டு: ஆராய்ச்சி பிடிச்சா முதுகலை படிக்கும்போதே சிஎஸ்ஐஆர் நெட், ஐசிஎம்ஆர், டிபிடி ஜேஆர்எஃப் தேர்வுகளுக்குத் தயாராகுங்க. 2023-லிருந்து ஜேஆர்எஃப் உதவித்தொகை மாசம் 37,000. மூணு: புள்ளியியலும் கொஞ்சம் கோடிங்கும் கத்துக்குங்க, தனியார் லேப் வேலைக்கு உதவும். நாலு: ஆசிரியர் வேலை மனசுல இருந்தா, உங்க பட்டம் விலங்கியலுக்கோ தாவரவியலுக்கோ இணைன்னு அரசாணை இருக்கான்னு சேர்றதுக்கு முன்னாடியே பாருங்க. படிச்சு முடிச்சு டிஆர்பி வாசல்ல நின்னு அழுதவங்களைத் தெரியும்.

31/ வீட்டுல இருக்கிற எல்லாருக்கும் ஒரு வேலை. ஒரு தாள் எடுத்து தாத்தா பாட்டியிலிருந்து உங்க வீட்டு மரத்தை வரைங்க. யார் யாரைக் கட்டினாங்க, எந்தக் குழந்தை எந்த வயசுல எப்படித் தவறிச்சு, யாருக்கு அடிக்கடி ரத்தம் ஏத்தினாங்க. வயசானவங்க இருக்கும்போதே கேட்டு எழுதிடுங்க. கர்ப்பம் உறுதியான உடனே, முடிஞ்சா கல்யாணத்துக்கு முன்னாடியே, டாக்டர்கிட்ட அந்தத் தாளைக் காட்டுங்க. செலவே இல்லாத மரபணு டெஸ்ட் இதுதான்.

32/ அந்த அப்பாகிட்ட திரும்ப வர்றேன். இந்த மாசம் மாத்திரைக்கு வந்தார். மேலே எழுதினதெல்லாம் சுருக்கமா சொன்னேன். "சேருங்க. ஆனா இந்த வேலை அரசு ஆஸ்பத்திரியில இன்னும் இல்ல, தெரிஞ்சுக்கிட்டுச் சேருங்க"ன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு கேட்டார்: "ரெண்டு வருஷப் படிப்புதானே டாக்டர். இது முடிக்கறதுக்குள்ள போஸ்டிங் வந்துடாதா?"

33/ எனக்குப் பதில் தெரியல. சுகாதாரத் துறையில இருக்கிறவங்க யாராவது இதைப் படிச்சா, அவர் கேட்ட கேள்வியை உங்ககிட்ட விடறேன். மத்தவங்க உங்க தொகுதி எம்எல்ஏகிட்ட கேளுங்க. சந்தேகம் இருந்தா கீழே எழுதுங்க, நைட் ட்யூட்டி இல்லாத அன்னைக்குப் பதில் போடறேன். தயவுசெஞ்சு ரிப்போர்ட்டை எல்லாம் பொதுவுல போடாதீங்க.